பெர்த்துக்குக் குடிவருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்துக்கு வேலை, படிப்பு, நிரந்தர வசிப்புரிமை என்று மூட்டை கட்டுகிற தமிழ்க் குடும்பங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். கட்டணங்களும் விசா விதிகளும் பெரும்பாலும் ஜூலை 1 அன்று மாறும். அதனால் நிலைத்து நிற்கிற தொகைகளை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

1. பெர்த்னா சிட்னி, மெல்போர்ன் பக்கமா? சனி ஞாயிறுல ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?

முடியாது. பெர்த் இந்தியப் பெருங்கடல் கரையில், நாட்டின் மேற்கு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஊர். அடுத்த பெருநகரமான அடிலெய்டுக்கே சாலை வழியாகச் சுமார் 2,700 கி.மீ. சிட்னிக்கு விமானத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சிங்கப்பூருக்கு ஏறக்குறைய ஐந்து. ஊருக்குப் போகிறவர்கள் அநேகமாக சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகத்தான் போகிறார்கள்.

நேர வித்தியாசம் நமக்குச் சாதகம். இந்தியா, இலங்கையைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே மாலை ஐந்தரை. சிங்கப்பூர், மலேசியாவோடு ஒரே நேரம். கோடையில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற வழக்கமும் கிடையாது. 2009இல் வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

2. எந்த மாசம் வந்து இறங்கினா நல்லது?

மார்ச், ஏப்ரல் அல்லது செப்டம்பர், அக்டோபர். டிசம்பர் 20 முதல் ஜனவரி இரண்டாம் வாரம் வரை அலுவலகங்களும் வீட்டு முகவர்களும் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள், வெயிலும் 40 டிகிரியைத் தொடும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் கணக்கு வேறு. கல்வியாண்டு ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பிப்பதால், ஜனவரி முதல் பாதியில் வந்துவிடுவது நல்லது.

இங்கே மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்றுதான், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. கோடையில் மாதக்கணக்கில் சொட்டு மழை இல்லாமல் போவது சாதாரணம்.

3. பெட்டியில என்னெல்லாம் போட்டுக் கொண்டுவரலாம்? கறிவேப்பிலை, ஊறுகாய், அம்மா செஞ்ச பால்கோவா?

கறிவேப்பிலை பச்சையாகவும் கூடாது, காய்ந்ததும் கூடாது. பழம், பச்சைக் காய்கறி, செடி, முளைக்கக்கூடிய விதை எதுவும் கூடாது. பால்கோவா, பேடா, குலாப் ஜாமூன் மாதிரிப் பாலில் செய்த இனிப்புகளும், கருவாடு தவிர்த்த இறைச்சி வகைகளும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். கடையில் வாங்கி முத்திரை உடைக்காத மசாலாத்தூளும் ஊறுகாயும் பெரும்பாலும் தப்பும். கருவாட்டையும் காட்டிவிட்டே எடுத்துப்போங்கள்.

சூட்சுமம் விமானத்தில் கொடுக்கிற வருகைச் சீட்டில் இருக்கிறது. உணவு, மரப்பொருள், விதை என்று கேட்கும் இடங்களில் ஆம் என்று குறித்துவிட்டால், மோசமாகப் போனாலும் போவது பொருள் மட்டும். இல்லை என்று குறித்துவிட்டு மோப்ப நாயிடம் மாட்டினால் பெரிய தொகை அபராதம். சிலருக்கு விசாவையே ரத்து செய்திருக்கிறார்கள். ‘சின்னப் பொட்டலம்தானே’ என்ற கணக்கு இங்கே எடுபடாது.

அதிகம் மறப்பது உணவல்லாத பொருட்களை. மரக் கரண்டி, மத்து, தென்னந்துடைப்பம், ஓலைக்கூடை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அம்மிக்கல், குழவி, பழைய செருப்பு இவற்றில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். மருந்தை மூன்று மாதத்துக்கு மட்டும், அதன் சொந்த அட்டையிலேயே, ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே மேற்கு மாநிலத்துக்குள் நுழையத் தனிச் சோதனை உண்டு. முதலில் சிட்னியில் இறங்கிச் சில நாள் தங்கிவிட்டு வருகிறவர்கள், அங்கே வாங்கிய பழத்தையும் தேனையும் பெர்த் விமானத்தில் ஏற்றக் கூடாது.

4. மிக்ஸி, கிரைண்டர் இங்க ஓடுமா?

ஓடும். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு, சாய்ந்த இரண்டு பட்டைக் கால்களும் நேரான ஒரு எர்த் காலும். எர்த் கால் இல்லாத மலிவு அடாப்டரில் கிரைண்டரைப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து பிளக்கையே மாற்றுவது உத்தமம்.

5. இறங்கின உடனே என்ன செய்யணும்? வரிசையா சொல்லுங்க.

வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஆதாரம். முதலில் சிம். இரண்டாவது வங்கிக் கணக்கு. ஊரிலிருந்தே இணையத்தில் தொடங்கி, இங்கே கிளைக்குப் பாஸ்போர்ட்டோடு போய் அடையாளம் காட்டினால் கார்டு தபாலில் வரும். முகவரி இல்லையென்று தயங்க வேண்டாம், தங்கியிருக்கிற இடத்தைக் கொடுத்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு அறிக்கைதான் உங்கள் முதல் முகவரிச் சான்று.

மூன்றாவது வரி எண். வரித்துறைத் தளத்தில் இலவசம். காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பித்துத் தரும் தளங்களை நம்பாதீர்கள். தபாலில் வர 28 நாள் வரை ஆகலாம். வேலையில் சேர்ந்த 28 நாளுக்குள் முதலாளிக்கு எண்ணைக் கொடுக்காவிட்டால் சம்பளத்தில் உச்ச விகிதத்தில் வரி பிடிப்பார்கள். பிறகு கணக்குக் காட்டித் திரும்ப வாங்கலாம் என்றாலும், முதல் மாதக் கைச்செலவு இடிக்கும். நான்காவது, நிரந்தர வசிப்புரிமையோடு வருகிறவர்களுக்கு மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிவு. வீடு தேடுவதை மட்டும் இவற்றுக்கெல்லாம் காத்திருக்காமல் முதல் நாளே தொடங்குங்கள்.

6. கார் இல்லாம சமாளிக்க முடியுமா?

ரயில் பாதையோரம் வீடு கிடைத்தால் முடியும். ஊர் வடக்கு தெற்காகக் கடற்கரையோரம் 100 கி.மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ரயில்கள் அந்த நீளத்தில் நன்றாக ஓடும், குறுக்கே போகத்தான் பஸ் மாறி மாறிப் பொழுது போய்விடும். பன்னாட்டு முனையத்திலிருந்து மேல்நடைபாதையில் நடந்தால் ஏர்போர்ட் சென்ட்ரல் நிலையம். 2022இல் திறந்த பாதை, நகர மையத்துக்கு இருபது நிமிடத்துக்குள்.

ஸ்மார்ட்ரைடர் கார்டு வாங்கிவிடுங்கள். ஏறும்போது தட்டுவதுபோல இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் கூடுதலாகப் பிடிக்கும். நகர மையத்தில் ‘கேட்’ பஸ்கள் எல்லோருக்கும் இலவசம்.

7. வீட்டு வாடகை 650னு போட்டிருக்கு. மாசத்துக்குத்தானே?

வாரத்துக்கு. முதன்முதலாக விளம்பரம் பார்க்கிற எல்லோருக்கும் வருகிற சந்தோஷம் இது, ஒரு நிமிடம்தான் நிற்கும். மாதக் கணக்குக்கு நாலால் பெருக்கினாலும் தப்பு. 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். வாரம் 650 டாலர் என்றால் மாதம் சுமார் 2,817 டாலர்.

உள்ளே போகுமுன் இரண்டு வார வாடகை முன்கூட்டியும், நாலு வார வாடகை பாண்ட் என்கிற பிணைத்தொகையாகவும் கேட்கலாம். அதே வீட்டுக்கு 1,300 கூட்டல் 2,600, ஆக 3,900 டாலர் கையில் வேண்டும். சென்னை மாதிரிப் பத்து மாத அட்வான்ஸ் இல்லை. வீடு பொதுவாக வெறுமையாகத்தான் வரும். அடுப்பும் ‘அவன்’ (oven) என்கிற சூட்டுப்பெட்டியும் இருக்கும், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் நீங்கள் வாங்க வேண்டும். தண்ணீரில் நிலைக்கட்டணம் வீட்டுக்காரருக்கு, புழங்கிய அளவு உங்களுக்கு.

8. பதினஞ்சு வீட்டுக்கு விண்ணப்பிச்சாச்சு, ஒண்ணும் கிடைக்கல. கூடுதலா தர்றோம்னு சொல்லலாமா?

போட்ட வாடகைக்கு மேல் தரும்படி முகவரோ வீட்டுக்காரரோ உங்களைக் கேட்பது 2024 ஜூலை 29 முதல் சட்டப்படி குற்றம். ஏலத்தில் இறங்குவதைவிட விண்ணப்பத்தைச் சரிசெய்வது பலன் தரும். புதிதாக வந்தவர்கள் தோற்பது பெரும்பாலும் உள்ளூர் வாடகை வரலாறு இல்லாததால்தான். அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்: வேலை நியமனக் கடிதம், ஆறு மாத வாடகைக்காவது ஈடான சேமிப்பைக் காட்டும் வங்கி அறிக்கை, ஊரில் வாடகைக்கு இருந்திருந்தால் வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம், குடும்பத்தைப் பற்றி நாலு வரி. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி வைத்திருங்கள்.

‘ஹோம் ஓப்பன்’ என்று வீட்டைத் திறந்து காட்டுவது பதினைந்து நிமிடம்தான். பார்த்துவிட்டுக் காரில் உட்கார்ந்தே விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறவர்களுக்குத்தான் வீடு. அனுப்பியபின் முகவருக்கு ஒரு தடவை போன் செய்யுங்கள். பார்க்காமலே ஊரிலிருந்து பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

9. பாண்ட் பணம் முழுசா திரும்பி வருமா? சமையல் கறை, புகைன்னு பிடிச்சுக்குவாங்களாமே?

பாண்ட் வீட்டுக்காரர் கையில் இருப்பதில்லை. 14 நாளுக்குள் அரசின் பாண்ட் நிர்வாகியிடம் கட்டியாக வேண்டும், ரசீது உங்களுக்கும் வரும். வராவிட்டால் விடாமல் கேளுங்கள். பணம் திரும்புவது வெளியேறும் நாளில் முடிவாகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நுழைகிற வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வீட்டு நிலை அறிக்கை ஒன்று தருவார்கள். ஏழு நாளுக்குள் திருத்தித் திருப்பிக் கொடுக்கலாம். ஒவ்வொரு அறையிலும் நாலு மூலை, கதவின் இரண்டு பக்கம், ஜன்னல் வலை, அவன் உள்ளே, புகைபோக்கி வடிகட்டி, குளியலறை சிலிக்கான் விளிம்பு என்று தேதி தெரியப் படம் எடுத்து, அறிக்கையில் விட்டுப்போன குறைகளை எழுதிச் சேருங்கள். வெளிச்சுவரையும் விடாதீர்கள். பெர்த்தில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் தெளித்து, அதிலுள்ள இரும்பு சுவரின் கீழ்ப்பகுதியைத் துருக்கலராக்கியிருக்கும். நீங்கள் செய்யாத கறைக்கு நீங்கள் காசு கொடுக்கும்படி ஆகக் கூடாது.

தாளிப்பைப் பொறுத்தவரை பல வீடுகளின் புகைபோக்கி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும். வடிகட்டியை மாதம் ஒருமுறை சுடுதண்ணீரில் சோப்பும் சமையல் சோடாவும் போட்டு ஊறவைத்தால் எண்ணெய் கழன்றுவிடும். மிளகாய் வறுக்கும்போது புகை அலாரம் அலறினால் ஜன்னலைத் திறந்து துணியால் விசிறுங்கள். அதைக் கழற்றி வைப்பதோ பிளாஸ்டிக் உறை மாட்டுவதோ ஆபத்து, ஒப்பந்த மீறலும்கூட.

10. தமிழ் ஆளுங்க எந்த ஏரியால அதிகம்? கடற்கரை பக்கம் வீடு எடுக்கலாமா?

தென்கிழக்கே கேனிங் வேல், ஹாரிஸ்டேல், பியாரா வாட்டர்ஸ், சதர்ன் ரிவர், தோர்ன்லி, வில்லட்டன் பக்கம் தென்னிந்திய, இலங்கைக் குடும்பங்களையும் மளிகைக் கடைகளையும் நிறையப் பார்க்கலாம். வில்லட்டனில் வாடகை கூடுதலாக இருப்பதற்கு அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை எல்லைதான் காரணம். பால முருகன் கோயில் தெற்கே மாண்டோகலப்பில். காட்டஸ்லோ, ஸ்கார்பரோ மாதிரிக் கடலோரம் அழகுதான், விலையும் அதற்கேற்ப. கடலிலிருந்து பதினைந்து கி.மீ. உள்ளே இருந்தாலும் கோடை மதியம் தென்மேற்கிலிருந்து கடல்காற்று வந்துசேரும். அதற்கு ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்று பேர். அது வந்ததும் ஊரே மூச்சுவிடும்.

11. சென்னை வெயிலையே பார்த்தவங்க நாங்க. சன்ஸ்கிரீன்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தானே?

நம் தோலுக்கு இயற்கையாகக் கொஞ்சம் காப்பு இருக்கிறது, அது நிஜம். புற ஊதாக் கதிர் சென்னையிலும் கடுமைதான். வித்தியாசம் பழக்கத்தில். சென்னையில் வியர்த்து ஊற்றும், தானாக நிழலுக்கு ஓடுவோம். இங்கே காற்று உலர்ந்தது, வியர்வை உடனே காய்ந்துவிடும், கடல்காற்று சிலுசிலுவென்று அடிக்கும். சுடுகிறது என்று தெரியாமலே மூன்று மணி நேரம் நின்றுவிடுவோம். வெப்பத்துக்கும் கதிருக்கும் சம்பந்தமில்லை. அக்டோபரில் 22 டிகிரி நாளிலும் தோல் கன்றிப்போகும்.

வானிலை அறிக்கையில் புற ஊதாக் குறியீடு என்று ஒரு எண் வரும். 3ஐத் தொட்டாலே தொப்பி, கண்ணாடி, சன்ஸ்கிரீன். ஜனவரி மதியம் அது 11ஐத் தாண்டுவது சாதாரணம். எஸ்பிஎஃப் 50+ வாங்கி, வெளியே போக இருபது நிமிடம் முன்பு, பெரியவருக்கு உடம்பு முழுக்க ஏழு டீஸ்பூன் கணக்கில் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். பட்டும் படாமல் தடவினால் போத்தலில் எழுதிய பலன் கிடைக்காது. மறுபுறம், மாநிறக்காரர்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால் குளிர்காலத்தில் வைட்டமின் டி குறைவதும் உண்டு. வருடாந்தர ரத்தப் பரிசோதனையில் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

12. வீட்டுல ஏசி இருக்கு, ஆனா போட்டா ரூமெல்லாம் பிசுபிசுன்னு ஆகுது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. கூரைமேல் பெரிய பெட்டியும் அறைக்கு அறை சதுரத் துவாரமும் இருந்தால் அது ஏசியே அல்ல, நம்மூர் ஏர்கூலரின் பெரியண்ணன். ஈரமான அட்டை வழியாக வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும். தள்ளிய காற்று வெளியேற வழி வேண்டும். ஏசி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். உலர்ந்த 40 டிகிரி நாளில் அருமையாக வேலை செய்யும், மின்சாரமும் குறைவு. காற்றில் ஈரம் அதிகமான சில நாட்களில் மட்டும் கையை விரிக்கும்.

13. வெயில் ஊர்னு சொன்னாங்க, ஜூலைல வீட்டுக்குள்ள நடுங்குது. இட்லி மாவும் புளிக்க மாட்டேங்குது.

வெளியே இரவில் ஏழெட்டு டிகிரிக்குப் போகும். வீடுகள் கோடையை மனதில் வைத்துக் கட்டியவை, வெப்பமூட்டி எல்லா அறையிலும் இருக்காது. 12ஆம் பதிலில் சொன்ன கூலர் சூடாக்கவும் செய்யாது. வீடு பார்க்கும்போதே சூடு, குளிர் இரண்டும் தருகிற ஸ்பிளிட் ஏசி படுக்கையறையில் உண்டா என்று பாருங்கள்.

மாவுக்கு வழி அவன்தான். அவனைப் பற்றவைக்காமல் உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை மூடி உள்ளே வையுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கண்ணாடிக் கதவில் ‘மாவு இருக்கிறது’ என்று சீட்டு ஒட்டுங்கள், யாராவது பீட்சாவுக்கு அவனைச் சூடேற்றிவிடுவார்கள்.

14. கறிவேப்பிலைச் செடி வச்சா ஒரு மாசத்துல கருகிடுது. ஏன்?

பெர்த்தின் மண் கடல்மணல். அதுவும் காய்ந்தால் தண்ணீரையே உறிஞ்சாத மணல். மணல்துகள் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படிந்துவிடும். குழாயைத் திறந்து ஊற்றினால் மேலே முத்து முத்தாக நிற்கும், விரலால் கிளறிப் பாருங்கள், ஓர் அங்குலம் கீழே பொடி பறக்கும். செடி தாகத்தில் சாகிறது, நாம் ஊற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் இரண்டு வருடம் பெரிய தொட்டியில் வளருங்கள். நல்ல தொட்டிமண்ணோடு மக்கிய உரம் சேர்த்து, வடக்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும் என்பதை மறக்க வேண்டாம். தரையில் நட வேண்டுமானால் களிமண் பொடியும் உரமும் கலந்து, மண் தண்ணீரை ஏற்கச் செய்கிற ‘வெட்டிங் ஏஜென்ட்’ தெளித்து, மேலே மரத்தூள் மூடாக்குப் போடுங்கள். குளிரில் இலை மஞ்சளாகி உதிரும். செத்துவிட்டதென்று பிடுங்காதீர்கள், அக்டோபரில் துளிர்க்கும்.

தோட்டத்துத் தெளிப்பான்களுக்கு வீட்டு எண்படி வாரத்தில் இரண்டு நாள்தான் அனுமதி. காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஆறுக்குப் பின். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை முழுத் தடை. கையில் குழாய் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றுவதற்குத் தடையில்லை. அணைகளுக்கு வரும் மழைநீர் குறைந்துபோய், 2006இல் குவினானாவில் தொடங்கி, கடல்நீரைக் குடிநீராக்கி ஓட்டுகிற ஊர் இது. சென்னையின் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

15. கடல்ல குளிக்கலாமா? சுறா இருக்காமே?

சுறாவைவிட நீரோட்டம்தான் பயப்பட வேண்டியது. சிவப்பு மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவே மட்டும் இறங்குங்கள், அங்கேதான் உயிர்காப்பாளர்கள் கண் வைத்திருப்பார்கள். அலைகளுக்கு நடுவே அலையே இல்லாமல், கருத்து, அமைதியாகத் தெரிகிற பட்டை குளிக்க வசதியான இடம்போலத் தோன்றும். அதுதான் உள்ளே இழுக்கிற நீரோட்டம். மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். மிதந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள். இழுவை தளர்ந்ததும் கரைக்கு இணையாக நகர்ந்து அலை உடைகிற இடம் வழியாக வாருங்கள்.

சுறா நடமாட்டத்தை அரசின் ஷார்க்ஸ்மார்ட் செயலியில் பார்க்கலாம். காட்டஸ்லோவில் கோடையில் தடுப்பு வலை போடுவார்கள். பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் நடக்கும் வேக்ஸ்விம் வகுப்பில் கட்டாயம் சேருங்கள், ஐந்து வயதிலிருந்து சேர்ப்பார்கள்.

16. இந்தியா லைசென்ஸ் செல்லுமா? சிங்கப்பூர் லைசென்ஸும் இருக்கு.

நிரந்தர விசாக்காரர்களுக்கு மூன்று மாதம். அதற்குள் இந்த மாநில உரிமமாக மாற்ற வேண்டும். சிங்கப்பூர் உரிமம் அங்கீகரித்த நாட்டுப் பட்டியலில் இருப்பதால் எளிது. இந்திய, இலங்கை உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. இருபது வருடம் ஓட்டியவர்கள்தான் முதல் தடவை அதிகம் தோற்கிறார்கள். இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம், வலையே அதுதான்.

தோற்பதற்குக் காரணங்கள் சில்லறை. ‘ஸ்டாப்’ பலகையில் சக்கரம் முழுதாக நிற்காமல் உருட்டிக்கொண்டு போவது. தடம் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்து, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்காதது. ரவுண்டானாவை விட்டு வெளியேறும்போது இடது சிக்னல் போடாதது. பலகை இல்லாத குடியிருப்புச் சாலையில் 50க்கு மேல் போவது. பள்ளி வலயத்தில் காலை 7.30 முதல் 9, மதியம் 2.30 முதல் 4 வரை 40தான். உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் இரண்டு வகுப்பு எடுத்தால் இவை தீர்ந்துவிடும்.

17. பழைய கார் வாங்குறப்ப எதைப் பார்க்கணும்?

‘பிபிஎஸ்ஆர்’ என்ற அரசுப் பதிவேட்டில் இரண்டு டாலர் கட்டினால் கார்மேல் கடன் நிலுவை உண்டா, திருட்டா, விபத்தில் தள்ளுபடி செய்ததா என்று தெரியும். கடனுள்ள காரை வாங்கினால் கடன்காரர் காரைத் தூக்கிக்கொண்டு போகலாம். வாங்கி 14 நாளுக்குள் பெயர் மாற்றுங்கள், முத்திரைத் தீர்வை தனி.

ரெஜிஸ்ட்ரேஷனோடு வருகிற காப்பீடு ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும். அடுத்தவர் காரை இடித்தால் அது உதவாது. குறைந்தது மூன்றாம் தரப்புச் சொத்துக் காப்பீடாவது எடுக்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

18. ஆம்புலன்ஸ் ஃப்ரீதானே? மெடிகேர் இருக்கே.

இல்லை. மெடிகேர் ஆம்புலன்ஸுக்குக் காசு தராது. இந்த மாநிலத்தில் அவசரப் பயணம் ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் பில் வரும். ஆம்புலன்ஸுக்கு மட்டும் மலிவாகக் காப்பீடு கிடைக்கிறது, எடுத்துவிடுங்கள். அதற்காக நெஞ்சு வலிக்கும்போது கணக்குப் பார்க்கக் கூடாது. எண் 000. அவசரமா இல்லையா என்று குழப்பமென்றால் 1800 022 222இல் இருபத்துநாலு மணி நேரமும் செவிலியர் பேசுவார்.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எதோடும் மெடிகேருக்குப் பரஸ்பர ஒப்பந்தம் இல்லை. பெரும்பாலான தற்காலிக வேலை விசாக்களிலும் மாணவர் விசாவிலும் வருகிறவர்கள் தனியார் காப்பீட்டோடுதான் வர வேண்டும்.

19. நாங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்து வாறம். பிள்ளைக்கு நாலரை வயசு. பள்ளிக்கூடத்திலை சேர்க்க என்ன கொண்டு வரோணும்?

தடுப்பூசி அட்டையைக் கைப்பெட்டியில் வையுங்கள். வந்ததும் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கிண்டர்கார்டனுக்கு அந்தப் பதிவேட்டின் அறிக்கையைக் கேட்பார்கள். விடுபட்ட ஊசி இருந்தால் இரண்டு மூன்று தவணை ஆகலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஜூன் 30க்குள் ஐந்து வயது நிரம்புகிற பிள்ளைக்கு அந்த ஆண்டு முழுநேர ப்ரீ-பிரைமரி கட்டாயம். நாலு நிரம்பினால் கிண்டர்கார்டன், அது விருப்பம். அரசுப் பள்ளிச் சேர்க்கை வீட்டு முகவரியைப் பொறுத்தது. சில தற்காலிக விசாக்களில் அரசுப் பள்ளிக்கும் கட்டணம் உண்டு, விசா எண்ணைச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

சாப்பாட்டுப் பெட்டியில் நிலக்கடலை வேண்டாம், ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்காகப் பல பள்ளிகள் தவிர்க்கச் சொல்கின்றன. கடலைச் சட்னியும் கடலை சேர்த்த இட்லிப்பொடியும் இதில் அடக்கம். தொப்பியும் எழுதுங்கள் பட்டியலில்: தொப்பி இல்லாத பிள்ளைக்கு விளையாட்டு இல்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கூட்டைக் காக்க நடந்துபோகிறவர் தலையில் பாயும், அப்போதும் அந்தத் தொப்பிதான் துணை.

20. பொங்கலுக்கு வெளியில அடுப்பு மூட்டலாமா? தீபாவளிக்கு வெடி?

ஜனவரி நடுவில்தான் இங்கே காட்டுத்தீக் காலத்தின் உச்சம். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் திறந்தவெளியில் விறகு மூட்டினால் 25,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டுக் கொல்லையும் திறந்தவெளிதான். தடையில்லாத நாளிலும் நகராட்சிக்குத் தன் விதிகள் உண்டு. எமர்ஜென்சி டபிள்யூஏ தளத்தை முந்தின நாள் மாலையும் அன்று காலையும் பாருங்கள். எளிய வழி, பானையை உள்ளே காஸ் அடுப்பில் ஏற்றி, பொங்கியதும் முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சூரியனுக்குப் படைப்பது. இண்டக்ஷன் அடுப்பில் வெண்கலப் பானையும் மண்பானையும் சூடேறாது, அதற்கு எவர்சில்வர்தான், அதுவும் அடியில் காந்தம் ஒட்டுகிற வகை.

வெடி, புஸ்வாணம், ராக்கெட் தனியார் கொளுத்துவது இந்த மாநிலத்தில் தடை. கம்பி மத்தாப்பு மட்டும் பரவாயில்லை, தீத்தடை நாளில் அதுவும் வேண்டாம்.

21. ‘ஃபிஃபோ’ வேலைன்னா என்ன? நல்ல சம்பளம்னு சொல்றாங்க.

விமானத்தில் போய், வேலை பார்த்து, விமானத்தில் திரும்புவது. வடக்கே பில்பாரா இரும்புத் தாதுச் சுரங்கங்களில் எட்டு நாள் வேலை ஆறு நாள் ஓய்வு, அல்லது இரண்டு வாரம் வேலை ஒரு வாரம் ஓய்வு என்று சுற்று. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். தங்குமிடம், சாப்பாடு அவர்கள் பொறுப்பு. சின்னக் குழந்தையோடு மனைவி புது ஊரில் தனியாக இருக்க வேண்டிவந்தால், சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஒரு விசித்திரமான எச்சரிக்கை: சுரங்கத்தில் போதைப்பொருள் பரிசோதனை உண்டு. குருமாவில் அரைத்த கசகசா முதற்கட்டப் பரிசோதனையில் ஓபியம் வகை என்று காட்டக்கூடும். புறப்படுமுன் மூன்று நாள் கசகசாவை ஒதுக்குங்கள். கோடீன் கலந்த வலி மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

22. எனக்கு 491 விசா. கிராமப்புறத்துல இருக்கணுமாமே, பெர்த்ல வீடு எடுத்தா தப்பாகிடுமா?

ஆகாது. 491 என்பது பிராந்தியப் பகுதியில் வாழ்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கான தற்காலிக விசா. 2019 நவம்பர் முதல் குடிவரவுக் கணக்கில் பெர்த்தும் பிராந்தியப் பகுதிதான். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றுக்குத்தான் விலக்கு. ஆனால் வேலை தொலைதூரம் என்று சொல்லிக்கொண்டு மெல்போர்னில் தங்கிவிட்டால் நிபந்தனை மீறல். பிறகு வாங்குகிற 191 நிரந்தர விசாவுக்கு, மூன்று ஆண்டு நிபந்தனைப்படி இருந்ததைக் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், மின் பில், சம்பளச் சீட்டு, வரி மதிப்பீடு இவற்றை முதல் மாதத்திலிருந்தே கோப்பில் சேருங்கள். வரி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை.

23. ஓய்வூதியம்னு 12 சதவீதம் போகுதே, ஊருக்குத் திரும்பினா அது போச்சா?

போகாது. ‘சூப்பர்’ என்பது உங்கள் சம்பளத்துக்கு மேல் முதலாளி கட்டுவது, 2025 ஜூலை 1 முதல் 12 சதவீதம். தற்காலிக விசாக்காரர் நாட்டை விட்டுப் போய், விசாவும் முடிந்தபின் விண்ணப்பித்து எடுக்கலாம். பெரும்பாலோருக்கு அதில் 35 சதவீதம் வரியாகப் போகும். ஒவ்வொரு வேலைக்கும் புதுப்புதுக் கணக்கு திறந்தால் ஒவ்வொன்றிலும் கட்டணம் கரையும், ஒரே கணக்கைத் தொடருங்கள். நிரந்தர வசிப்புரிமை வாங்கியவர்களுக்கு இந்த வழி இல்லை, ஓய்வு வயது வரை அது அங்கேயே இருக்கும்.

24. அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து கூடவே வச்சுக்கலாமா?

பார்வையாளர் விசாவில் சில மாதம் தங்கவைப்பது எளிது. நீண்ட காலத்துக்கு 870 என்ற பெற்றோர் தற்காலிக விசா, மூன்று அல்லது ஐந்து ஆண்டு. கட்டணம் ஆயிரக்கணக்கில், முதலில் நீங்கள் ஆதரவாளராக ஒப்புதல் பெற வேண்டும். நிரந்தரப் பெற்றோர் விசாக்களுக்குப் பிள்ளைகளில் பாதிப்பேராவது ஆஸ்திரேலியாவில் குடியிருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு, வரிசையோ மிக நீளம். 870க்கு அந்தக் கணக்கு இல்லை. பார்வையாளர் விசா, 870 இரண்டிலும் 18ஆம் பதிலில் சொன்ன மெடிகேர் சிக்கல் அப்படியே பொருந்தும்: தற்காலிகமாக வருகிறவர்களுக்குக் கிடையாது. காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வருகிற மாதத்தையும் பாருங்கள். ஜூலையில் கூட்டிவந்தால் 13ஆம் பதிலில் சொன்ன குளிரில் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார்கள். செப்டம்பர் கடைசியில் வந்தால் காட்டுப்பூக்கள் பூத்திருக்கும், மாலை நடைக்கு இதமாக இருக்கும். தொப்பியை மட்டும் மறக்காமல் மாட்டி அனுப்புங்கள், மாக்பைக்குப் பெரியவர் சின்னவர் தெரியாது.